மிதவையின் ஆடி மாதம்

கடலில் முப்பது வருடம் மிதந்து வெப்பம் அளந்த மிதவை ஒன்று, கணினி அறையின் மூலையில் கிடந்தது. மாலையில் அதை எடுத்துப்போகப் பழைய இரும்பு ஏற்றும் லாரி வரும்.

"பூமத்தியரேகைக் கடல் இனி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போடுகிறேன், அண்ணே," என்றது கணினி. "முதலில் பழைய வருடங்களைப் போட்டுப் பார்ப்பேன். நீங்கள் அளந்ததோடு ஒத்துப்போனால்தான் வரப்போகும் வருடங்களுக்குப் போவேன்."

"நான் கடலில் இறங்கிய வருடத்தைப் போடேன், தம்பி."

கணினி போட்டது. "ஆடி மாதம். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இருபத்தாறு டிகிரி."

"நீ ஒருநாளாவது நனைந்திருக்கிறாயா? இருபத்தைந்துதான். நங்கூரச் சங்கிலியின் நுனிவரை எனக்குச் சிலிர்த்தது."

கணினி குறித்துக்கொண்டது. "சரி, அடுத்த வருடத்துக்குப் போகலாமா?"

"வேண்டாம். அப்புறமெல்லாம் சூடுதான்," என்றது மிதவை. "லாரி வரும்வரை இந்த ஆடியிலேயே இருப்போம்."

எந்த வருடத்திலும் நின்றறியாத கணினி அந்த ஆடியில் நின்றது.