பட்டாம்பூச்சி மருதாணி

“போட்டோ எடுக்க பூ வளைவு, வர்ற பிள்ளைங்க கையில எல்லாம் மருதாணி. அசத்திடலாம் லா,” என்றாள் விருந்து அலங்காரமும் மருதாணியும் செய்யும் சமீரா. ரூபினியின் பதினாறாவது பிறந்தநாள் விருந்துக்கு ஏற்பாடு பேச ரெங்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

ரூபினி தன் போனை நீட்டினாள். “எனக்கு இதே பட்டாம்பூச்சி வேணும்க்கா. அப்பா கை. சிங்கப்பூர்ல ஆபீஸ் டின்னர்ல போட்டுவிட்டாங்களாம்.”

சமீராவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“அலமாக், இது என் டிசைனாச்சே! சிங்கப்பூர்ல இல்ல, போன வாரம் இங்க தெப்ராவ்ல ஒரு பார்ட்டியில நான் வரைஞ்சது. படத்த யாருக்கும் காட்டக்கூடாதுன்னு சொன்னாங்க. உனக்கு மட்டும் காட்டுறேன்.”

சமீரா தன் போனில் காட்டிய படத்தில், பூ வளைவின் கீழே ஒருவர் ஒரு பெண்ணைத் தோளோடு அணைத்திருந்தார். இருவர் கையிலும் அதே பட்டாம்பூச்சி. தலைக்கு மேலே தங்க எழுத்தில், ‘அப்பாவின் இளவரசி.’

சமீரா நிமிர்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்திலும் அதே முகம் சிரித்தது.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: “பட்டாம்பூச்சி கெடச்சதாம்மா?”

ரூபினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அது வேணாம்மா. வேற பார்க்கிறேன்.”

“ஏன், அப்பா கையில அழகா இருந்துச்சே!”

“கிட்டப் பார்த்தா நல்லாவே இல்லம்மா.”