சஞ்சீவன் வீட்டு விருந்தாளிகள்

கதவைத் திறந்ததும் சஞ்சீவனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. செற்றியில் இன்றைக்கும் ஒரு ஆள்!

நேற்றுத் தமிழ்ப்பள்ளி ரீச்சர் புனிதவதி. முந்தாநாள் கீழ்வீட்டு ஜெர்மேன், பாண்டிச்சேரிக்காரி. இன்றைக்கு, லாச்சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் பிளவுஸ் தைக்கிற கோசலையக்கா.

“வாங்கோ அக்கா, எப்ப வந்தனீங்கள்?” என்று வாய் நிறையச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? கோயில் தேருக்கும் சங்கத்து ஒன்றுகூடலுக்கும் முன்னுக்கு நிற்கிற பிள்ளை. தங்கமான பொடியன் என்று பேரெடுத்தவன்.

“இப்பத்தான் தம்பி. சும்மா ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு.”

இந்தச் ‘சும்மா’ இரண்டு கிழமையாக நடக்கிறது. ரெஸ்ரோறன்ட் குசினியில் நாள் முழுக்க நின்று வெந்து வருகிறவன், கட்டினவளோடு தனிய இருந்து ஒரு கதை கதைக்க வழியில்லை. அவனுக்கோ சிவாஜினியிடம் கேட்க ஒரு விஷயம் இருந்தது. அவனிடம் ஒரு சொல் சொல்லாமல் பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். அதை இன்றைக்கு எப்படியும் கேட்டுவிட வேண்டும்.

வந்ததுகள் லேசில் எழும்பாதுகள். தேத்தண்ணி குடிக்குங்கள், நாடகம் பார்க்குங்கள், “உன்ரை புட்டு நல்லாயிருக்குப் பிள்ளை” என்று இரவுச் சாப்பாட்டையும் முடிக்குங்கள். அவன் கொட்டாவி விட்டுப் படுக்கப் போனபிறகுதான் செருப்பைத் தேடுங்கள். போன ஞாயிறு அவனுக்கு லீவு. மூன்று பேருமே வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு கறியோடு!

இத்தனைக்கும் சிவாஜினிக்கு இந்த ஊரில் ஒருவருமில்லை. தாய், தகப்பன், தமையன் எல்லாரும் வன்னியில் கடைசிச் சண்டையோடு போய்விட்டார்கள். முகாமில் இருந்தவளை இவன்தான் கலியாணம் பேசி இங்கே எடுப்பித்தான். அப்படிப்பட்டவளுக்கு எங்கேயிருந்து இவ்வளவு சொந்தம் முளைத்தது?

“சிவாஜினி எங்கை அக்கா?”

“ஜெர்மேனோடை வெளியிலை போட்டா. நீர் முகத்தைக் கழுவும்.”

கழுவினான். தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தான். ஏழு மணியாகியும் சிவாஜினியைக் காணவில்லை. கோசலையக்கா தொலைக்காட்சியைப் பார்ப்பதும் கைபேசியைப் பார்ப்பதுமாக அசையாமல் இருந்தா.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கெல்லாம் வீடு வாசல், புருசன் பிள்ளையள் இல்லையோ? புதுசாக் கட்டின சனத்தைக் கொஞ்சம் தனிய இருக்க விடமாட்டியளோ?”

நியாயமான கேள்விதான். அவனிடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள். அவ முகம் கறுக்கும், கோபித்துக்கொண்டு போவா என்று பார்த்தான். அதற்குள் கைபேசி அடித்தது.

“ஓம் ரீச்சர், சொல்லுங்கோ... போய்ச் சேந்திட்டினமோ? அறையும் குடுத்திட்டினமோ? பிள்ளை சாப்பிட்டவளோ? அப்பாடா! இனி எனக்கு நிம்மதி.”

கோசலையக்கா எழும்பி, ஆறுதலாகக் கோட்டை மாட்டினா.

“ஆர் அக்கா போய்ச் சேந்தது?”

“சிவாஜினிதான். எங்கையெண்டு கேளாதையும், சொல்லமாட்டன். பொலிசிலையும் சொல்லியாச்சு.”

சஞ்சீவன் தன் கைபேசியை எடுத்து அவளை அழைத்தான். அவளுடையது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

“எங்களுக்கும் வீடு வாசல் கிடக்குத் தம்பி. என்ரை மனிசன் இரண்டு கிழமையா மிஞ்சின சோத்தைத்தான் சூடாக்கித் தின்னுறார். என்ன செய்யிறது, ஜெர்மேன் நகரசபைக் கந்தோரிலை ஏறி இறங்கிப் பெண்கள் காப்பகத்திலை ஒரு இடம் எடுக்க இவ்வளவு நாள் பிடிச்சுது. அதுவரைக்கும் மூண்டு பேரும் முறை வைச்சு வந்தனாங்கள்.”

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தா.

“ஆக்களுக்கு முன்னாலை நீர் அவளுக்கு அடிக்கமாட்டீராமே!”