விரல்கணு அளவு

குளித்த ஈரம் காயுமுன், மகள் நிவிதாவின் முழங்கை மடிப்பைச் சன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறாள் சத்யபிரியா. சிவப்பும் அரிப்பும் அடங்கியிருக்கின்றன. விரல்கணு அளவு ஸ்டீராய்டு களிம்பு, ஏழே நாள் என்றிருந்தார் டாக்டர்; மேலும் பூசினால் தோல் மெலிந்துவிடுமாம். ஏழாம் நாள் நேற்றே முடிந்தது. செல்போன் திரையில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போயிருக்கும் கணவன். "ஏம்புள்ள, கிரீஸ் வெக்கறாப்பல இன்னொரு வாரம் அப்பீட்டா மறுக்கா வராதில்ல?" "இது உங்க ரிக்கு இல்லீங்க, பாப்பா தோலு." சொல்லிவிட்டாலும் அதே ஆசை அவளுக்குள்ளும் இருக்கிறது, கை ட்யூபை எடுத்துவிடுகிறது. மூடியைத் திறக்காமலே அதை அலமாரியில் வைத்துவிட்டு, வாஸ்லினை மட்டும் மெல்லப் பூசுகிறாள். மூன்று வாரமாக வலிக்குப் பயந்து மடக்கியே வைத்திருந்த கையை முழுதாக நீட்டி, திரையில் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறாள் நிவிதா.