அவருக்கு டூப்

மூன்றாவது தடவையும் கார் மணலில் புதைந்தது.

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இத்தாலிப் பந்தயக் கார். சிவப்பு நிறம், கூரை கிடையாது. அதை ஓட்டி ஜெயித்த பெரிய பந்தயக்காரரைப் பற்றி இத்தாலிக்காரர்களே படம் எடுத்தார்கள். முகம் தெரிகிற காட்சிகளையெல்லாம் அங்கேயே முடித்தாயிற்று. எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு, கடலோரமாக அவர் தனியே வந்து சேர்ந்த கடைசி ஓட்டம் மட்டும் பாக்கி.

அதற்கு ஆளில்லாத நீளமான கடற்கரை வேண்டுமென்று 2003-இல் தனுஷ்கோடிக்கு வந்திருந்தார்கள்.

ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டி அவருக்கு டூப்பாக ஓட்டியவன் சென்னை ஸ்டண்ட்காரன். தார்ரோட்டில் புலியாம். எங்கள் மணல் அவனைச் சட்டை செய்யவில்லை.

மூன்று நாளில் மூன்று தடவையும் காரை வெளியே இழுத்துப் போட்டது எங்கள் வேன்தான். அதற்கு டிரைவர் லீமாரோஸ், கிளீனர் நான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். தனுஷ்கோடி பார்க்க வருகிறவர்கள் எங்கள் வேனில் ஏற வருவார்கள். ஸ்டியரிங்கில் பொம்பளையைப் பார்த்ததும் அடுத்த வேனுக்கு நடையைக் கட்டுவார்கள். லீமாரோஸ் வாயைத் திறக்க மாட்டாள்.

அன்று திறந்தாள். படக் கம்பெனிக்கு உள்ளூர் ஏற்பாடெல்லாம் செய்துகொண்டிருந்த குருநாதனிடம் நேராகப் போனாள். "அந்தாள எறங்கச் சொல்லுங்கண்ணே. நான் ஓட்டுறேன்."

குருநாதன் சிரித்தார். "டூப்புன்னா ஆம்பளைதாம்மா. எந்த ஊரு சினிமாவுலயும் அதான் வழக்கம்."

வேடிக்கை பார்த்த மற்ற வேன்காரர்களும் சிரித்தார்கள். நான் எங்கள் வேனைத் திரும்பிப் பார்த்தேன். இவளும் போய்ப் புதைந்தால் இனி எங்கள் வேனில் ஈ கூட ஏறாது.

ஆனால் வெளிச்சம் போக அரைமணி நேரம்தான் இருந்தது. மறுநாள் அவர்களுக்கு விமானம். டைரக்டர் மணலைப் பார்த்தார், லீமாரோஸைப் பார்த்தார், ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார்.

சுடிதாருக்கு மேலே வெள்ளை அங்கியை மாட்டினாள். முதல் வேலையாக நாலு டயரிலும் பாதிக் காற்றை என்னை இறக்கச் சொன்னாள். ஸ்டண்ட்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிறகு காரை அலை நனைத்த ஈர மணலுக்குக் கொண்டுபோனாள். காற்றுக் குறைந்த டயர் அகலமாகப் படியும், புதையாது. காய்ந்த மணல் விழுங்கும். ஈர மணல் தாங்கும், நிற்காமல் ஓடினால். எங்கள் பக்கத்தில் மீன் ஏற்றுகிற எல்லோருக்கும் இது தெரியும். எங்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

போனாள் பாருங்கள்!

பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. அலை ஏறி வந்தபோது அலைக்குள்ளேயே போனாள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பந்தய எல்லைக்கு நட்டிருந்த கட்டம் போட்ட கொடியைத் தாண்டி அவள் வெளியே வந்தபோது சிரித்த வேன்காரர்களே துண்டைச் சுழற்றிக் கத்தினார்கள். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்வதற்கென்ன.

மூன்று நாளாக ஒரு நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் எழுந்து வந்தார். வயசானவர். அந்தப் பந்தயக்காரரின் மகனாம். லீமாரோஸ் ஹெல்மெட்டைக் கழற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண் கலங்க இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

குருநாதனுக்கு அதைத் தமிழில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூணு நாளா ஆம்பளையக் காட்டுனீங்க, இன்னைக்குத்தான் எங்க அம்மா ஓட்டுனாங்கங்குறாரு."