முதலில் யார் கூப்பிடுவது?

"தலைவரே, அவங்க பெட்டி முதல்ல கூப்பிடட்டும். எங்க பெட்டி கூப்பிடாது. இதான் எங்க முடிவு."

சொல்லிவிட்டு நீலப் பெட்டிக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார்.

பெரிய அலுவலகங்கள் தங்கள் தகவல்களையெல்லாம் சேமித்து வைக்கும் பெட்டிகளைப் பற்றிய கூட்டம் அது. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் பெட்டியோடு பேசாது. பேச வைக்கப் பொது விதிகள் எழுதத்தான் இந்தக் குழு. எழுதி எழுதித் தலைவருக்கு இருந்த கொஞ்ச முடியும் போய்விட்டது. எல்லா விதியும் முடிந்து ஏழாவது மட்டும் முரண்டு பிடித்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தொடர்பு அறுந்துபோனால், மறுபடி முதலில் கூப்பிட வேண்டியது யார்?

குழுவில் ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் விதி நிறைவேறாது. இன்று மாலைக்குள் முடியாவிட்டால் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அத்தனை வருட உழைப்பும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். ஓய்வு பெறுவதற்குள் இரண்டு பெட்டிகளையாவது பேச வைத்துவிட வேண்டும் என்பது தலைவரின் ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

"சாம்பல் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அந்த மேஜையில் யாருக்கும் பெயர் கிடையாது. வந்திருப்பது ஆள் இல்லை, கம்பெனி என்பது குழுவின் வழக்கம். பெட்டியின் நிறம்தான் பெயர். ஒருவரோடு ஒருவர் நேரே பேசவும் கூடாது, எதுவானாலும் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. சண்டை அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"தொடர்பை அறுத்தது யாரோ, அவங்கதான் கூப்பிடணும்," என்றார் சாம்பல் பெட்டிக்காரம்மா, நீலத்தின் பக்கம் திரும்பாமலே. "இதுல யோசிக்க என்ன இருக்கு தலைவரே?"

"யாரு அறுத்தாங்கன்னு எப்படித் தெரியும்? அதை அவங்ககிட்ட கேளுங்க தலைவரே," என்றார் நீலம். "ரெண்டு பக்கமும் 'நான் இல்ல'ன்னுதானே சொல்லும்?"

"எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு. அந்தப் பெட்டியோட குணம் எனக்கு நல்லாத் தெரியும் தலைவரே. சின்ன விஷயத்துக்கெல்லாம் உம்முன்னு ஆயிடும். பக்கத்துலயே இருக்கும், பதில் மட்டும் வராது."

"நாங்க கூப்பிட்டோம் தலைவரே! எடுக்கல! எடுக்காம விட்டா, மறுபடி கூப்பிட எந்தப் பெட்டிக்கு மனசு வரும்?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலாளர் பேனாவை நிறுத்தினார். "சார், 'மனசு'ன்னே எழுதட்டுமா?"

"வேண்டாம். 'செயல்திறன்'னு போடுங்க," என்றார் தலைவர்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். நீலம் தனக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். இன்னொன்றைச் சர்க்கரை போடாமல் நிரப்பி, சாம்பலின் காகிதங்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். தலைவர் பார்த்துவிட்டார்.

"பாத்தீங்களா? அந்தம்மா சர்க்கரை போட்டுக்க மாட்டாங்கங்கிற வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கார்," என்று செயலாளரின் காதில் முணுமுணுத்தார். "நல்லா காக்கா பிடிக்கிறார்."

"அந்தம்மா மசியற ஆள் இல்ல சார்."

அந்தம்மா குடித்தார். நன்றி சொல்லவில்லை. அதையும் தலைவர் மூலமாக அல்லவா சொல்ல வேண்டும்.

கூட்டம் மறுபடி தொடங்கி, பேச்சும் மறுபடி அதே இடத்தில் போய் நின்றது. தலைவருக்குப் பொறுமை போயிற்று.

"போதும்! யார் அறுத்ததுங்கிற பேச்சே வேண்டாம். எந்தப் பெட்டிக்கு முதல்ல தோணுதோ அது கூப்பிடட்டும். கூப்பிட்டா அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுக்கணும். ஏன் அறுந்துச்சுன்னு எடுத்த எடுப்புல கேக்கக் கூடாது. நடக்க வேண்டிய வேலையைப் பேசணும். பழைய கதையெல்லாம் பின்னாடி சாவகாசமா பேசிக்கட்டும். இதுவும் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, குழுவைக் கலைச்சுட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

சாம்பல் காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே," என்றார் கடைசியில். "கூப்பிட்டா எடுப்போம்னு அவங்க உறுதி தருவாங்களா?"

"தருவோம்," என்றார் நீலம் அவசரமாக. வழக்கம் ஞாபகம் வந்து, "தருவோம்னு சொல்லுங்க தலைவரே," என்றார்.

விதி நிறைவேறியது. செயலாளர் கைதட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை உண்மையிலேயே துடைக்க வேண்டியிருந்தது.

வெளியே, லிஃப்ட்டுக்குக் காத்திருந்த நீலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார் தலைவர். "என் உயிரை வாங்கிட்டீங்களேய்யா! ஒரு கம்பெனிக்காக இப்படியா மல்லுக்கு நிப்பாங்க?"

நீலத்தின் போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க தலைவரே," என்றார். "வீட்டுக்காரம்மா."

தலைவர் மரியாதையாக ஒதுங்கித் திரும்பினார். கொஞ்சம் தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி, சாம்பல் பெட்டிக்காரம்மா காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இத்தனை நாளா ஏன் பேசலன்னு இப்பக் கேக்கக் கூடாது, விதி இருக்கு," என்று அவர் சொல்வது தெளிவாகக் கேட்டது. "ஸ்கூல்லேருந்து பாப்பாவை நீங்க கூட்டிட்டு வரீங்களா, இல்ல நான் போகட்டுமா?"