தலைவர் பைக்கின் கோளாறு

"தலைவரே, ஓடியாங்க! ஜீவராணிய குளவி கொட்டிருச்சு!"

லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வீரம்மா போட்ட சத்தத்தில், கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த பிரதாப்பின் சீப்பு பாதியில் நின்றது. அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான். இன்றைக்கு அட்டன் டவுனில் கூட்டம். தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றித்தான். பெரிய ஆட்கள் வருவார்கள், மேடையில் போட்டோ எடுப்பார்கள். மொடமொடவென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை இப்போதுதான் மாட்டியிருந்தார்.

வெளியே வந்து பார்த்தார். கூடக் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஜீவராணியை மலையிலிருந்து தூக்கி வந்து படியில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப்போய், மூச்சு விடவே சிரமப்பட்டாள்.

"அடக் கடவுளே! லொறியக் கூப்பிடுங்கப்பா!"

"லொறி கொழுந்து ஏத்திக்கிட்டு பெக்டரிக்குப் போயிருச்சுங்க," என்றாள் வீரம்மா. "த்ரீவீல் ஆட்டோ கீழ லிந்துலையில இருந்து வந்து சேர்ற வரைக்கும் இவ தாங்க மாட்டா. ஒங்க பைக்க எடுங்க தலைவரே."

பைக். அதுதான் அவரைப் பிடித்த சனியன்.

வாங்கிய அன்று கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இது எம் பைக்கு இல்லீங்க, நம்ம தோட்டத்து பைக்கு. ராவோ பகலோ கூப்பிடுங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சனம் அதை நம்பிவிட்டது. கிளினிக்குக்கு ஒருத்தி, கடிதம் போடத் தபால் கந்தோருக்கு ஒருத்தர் என்று காலையில் வாசலில் ஆள் சேரத் தொடங்கிய பிறகுதான் பைக்குக்கு அந்த வியாதி வந்தது. சில நாள் ஸ்டார்ட் ஆகும். சில நாள் ஆகாது.

லயமே சேர்ந்து வைத்தியம் பார்த்தது. இளந்தாரி நிரோஷன் பிளக்கைக் கழற்றித் துடைத்தான். இன்னொருத்தர் டேங்கை ஆட்டிப் பெட்ரோல் சத்தம் கேட்டார். பனி இறங்கியிருக்கும் என்று பக்கத்து வீட்டுச் சோலைமலை தினமும் சாக்குப் போட்டு மூடினார். லிந்துலையில் கராஜ் வைத்திருக்கும் ரிஸ்வி, பேட்டரி, வயர், காபுரேட்டர் எல்லாம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எங்கட கராஜ்ல ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது தலைவர். ஒங்கட வாசல்ல மட்டும் ஏன் இப்பிடிண்டு எனக்கு வெளங்குதில்ல."

விளங்காமல் போக அதில் ஒன்றுமில்லை. கைப்பிடியின் வலது பக்கம், இன்ஜினை நிறுத்துவதற்கென்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கிறது. கட்டைவிரலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும், நாள் முழுக்க உதைத்தாலும் பைக் மூச்சுக் காட்டாது. ஆட்கள் கலைந்ததும் திரும்பத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைக்கும் தட்டினார். வியர்க்க விறுவிறுக்க உதைத்தார்.

"பாத்தீங்களா, நேரங்கெட்ட நேரத்துல! இதுக்கு நான் என்ன செய்ய?"

வீரம்மா ஜீவராணியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் ஏறினாள்.

"நிரோஷன், சோலைமலை மாமா, தள்ளுங்க!"

"தள்ளியும் ஸ்டார்ட் ஆகலன்னா?" என்றார் பிரதாப் அவசரமாக.

"ஆகாட்டி போகுதுங்க. இங்கருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எறக்கந்தானே?"

பிறந்தது முதல் மலையிலேயே குடியிருக்கும் மனிதர், இந்த இறக்கத்தை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்.

சனம் தள்ள, பைக் உருண்டது. சுவிட்சைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். போட்டால் ஆஸ்பத்திரி வரை போய்த்தான் ஆகவேண்டும். போடாவிட்டால், கோயில் முடக்கு வளைவில் ரோடு சமமாகும் இடத்தில் எப்படியும் நின்றுவிடும். அங்கே வருகிற வாகனத்தில் இவர்களை ஏற்றிவிட்டு அட்டன் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நினைத்தபடியே முடக்கில் பைக் நின்றது. ஆனால் நிரோஷனும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடி வந்திருந்தார்கள். மூச்சுக்கூட வாங்காமல் திரும்பவும் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு லிந்துலை வரைக்கும் பிரேக்கைப் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. ரோட்டுச் சேறு வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

ஆஸ்பத்திரியில் ஜீவராணியை உடனே உள்ளே எடுத்து ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, "இனிப் பயமில்லை. இன்னும் சுணங்கியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது" என்றார்.

அதைக் கேட்டதும் பிரதாப்புக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஸ்டார்ட்டே ஆகாத பைக்குங்க. எம் உசுரப் பணயம் வச்சுக் கொண்டாந்தேன்," என்று வாசலில் நின்றவர்களிடம் ஆரம்பித்தார். "சனத்துக்காகத்தானே தலைவர்னு இருக்கோம்?"

அத்தோடு விடவில்லை. சட்டையில் பட்ட சேறு நன்றாகத் தெரியும்படி பைக்குப் பக்கத்தில் நின்று, ஒருவரிடம் போனைக் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பிந்திப் போனாலும் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமே.

உள்ளேயிருந்து வந்த வீரம்மா, போட்டோ முடியும் வரை பொறுமையாக நின்றாள். பிறகு கிட்டே வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தலைவரே, அவசரத்துல ஒங்களோட சண்ட புடிக்க நேரமில்ல, அதான் தள்ளுனோம். திரும்பிப் போறது ஏத்தம். அந்தச் செவப்பு சுவிட்ச நீங்களே போட்டுக்கங்க."