மருந்து விமானம்

காட்டுக்குள் துண்டு வெட்டவெளி கிடைத்தாலே இறங்கிவிடும் விமானமாம். அந்த ரகத்தில் உலகத்திலேயே இது ஒன்றுதான் மிச்சமாம். அருங்காட்சியகத்தில் சிவப்புக் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, மஞ்சள் பூச்சு மின்ன நிறுத்தியிருந்தார்கள். செவனம்மா கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா, கை வேர்வை பட்டா பெயிண்ட் கெட்டுப்போயிரும்," என்றான் வழிகாட்டி. "பருத்திக் காட்டுக்கெல்லாம் மருந்து அடிச்ச விமானம் இது."

"மருந்தா? எந்த வியாதிக்கு?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் எந்த வரிசையில் மருந்து அடிப்பது என்று விமானத்துக்குக் காட்ட, பருத்திக் காட்டுக்குள் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவள் புருஷன் சடையன்தான் வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்து நிற்பான். அதைக் குறி வைத்தே விமானம் தாழ்ந்து வரும். அவன் தலைக்கு மேலேயே மருந்தைத் திறந்துவிடும். நனைந்த உடம்போடு அடுத்த வரிசைக்கு ஓடுவான். "மருந்துதானப்பா, ஒண்ணும் பண்ணாது," என்பார் மேஸ்திரி. இருமி இருமிச் செத்தவனைக் குளிப்பாட்டியபோதும் அந்த மருந்து நாற்றம் போகவில்லை.

செவனம்மா கயிற்றைத் தள்ளிவிட்டு விமானத்தின் மூக்குக்கு நேரே போய் நின்றாள். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி இரண்டு கையாலும் உயரத் தூக்கினாள்.

"அம்மா, வெளிய வாங்கம்மா!"

"நீ சும்மா இரு." அவள் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏய், இங்கதான் நிக்கிறேன். வா. இப்ப அடி பாப்போம்."